கோயிலுக்குப் போன கல்

கெப் வண்டியின் பின்தட்டில் கல் ஏற்றுவதற்கு ஒரு முறை உண்டு. பெரிய கல்லை முன்னால், டிரைவர் சீட்டின் முதுகுப் பக்கம் ஒட்டிப் படுக்கவைக்க வேண்டும். சின்னதை இடுக்குகளில் சொருக வேண்டும். பின்கதவுப் பக்கம் பாரம் கூடினால் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகிவிடும், ஸ்டியரிங் நம் பேச்சைக் கேட்காது. மணல் என்றால் வேறு கதை. ஈர மணலின் கனம் ஏற்றும்போது தெரியாது, ஹாலிஎல தாண்டி வளைவில் பிரேக்கை மிதிக்கும்போதுதான் தெரியும். பதினோரு வருஷமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். பதுளை, பண்டாரவளை, எல்ல என்று எத்தனையோ பேர் வாசலில் மண்ணும் மணலும் கருங்கல்லும் கொட்டியிருக்கிறேன். என் வீட்டுப் பின்பக்கத்துக்கு ஒரு கல்லைக் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்கு முடியவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வீடு என்று நான் சொல்வது தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில், கடைசிக் காம்பரா. அது என் மனைவியின் பேரில் இருக்கிறது. அவள் கொழுந்து எடுக்கிறாள், அதனால் காம்பரா. முன்னால் இஸ்தோப்புத் திண்ணை, நடுவில் ஒரு அறை, பின்னால் குசினி. குசினிச் சுவருக்கும் மண்மேட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கும் இடம். மேடு இரண்டு ஆள் உயரம். அதற்கு மேலே தேயிலை.

மேட்டின் தலையில் ஒரு வெடிப்பு விட்டிருந்தது. முதல் வருஷம் அதற்குள் என் கை மணிக்கட்டு வரை போனது. அடுத்த மழைக்குப் பிறகு முழங்கை வரை போனது. வெடிப்பைப் பார்க்க வந்த அதிகாரிகள் பார்த்தார்கள், எழுதிக்கொண்டார்கள். பெருமழை பெய்தால் வேறு இடத்துக்குப் போய்விடுங்கள் என்றார்கள். எந்த இடத்துக்கு என்று சொல்லவில்லை. என் மனைவி விடியுமுன் எழுந்து அந்தக் குசினியில்தான் அடுப்புப் பற்றவைப்பாள். நான் இந்தப் பக்கம் படுத்தபடி அவள் விறகு ஒடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சத்தம் நின்றால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

மேட்டின் காலில் ஒரு கருங்கல் கட்டு கட்டினால் போதும். இடுப்பளவு உயரம், தண்ணீர் வடிய நாலைந்து ஓட்டை. ஊரெல்லாம் அப்படிக் கட்டக் கல் ஏற்றிப் போட்டவன் நான், எனக்குக் கணக்குத் தெரியும். என் வண்டிக்கு ஐந்து லோடு.

ஆனால் தோட்டத்துக்குள் கல், மணல், சீமெந்து எது வந்தாலும் ஒப்பீசில் எழுதிய துண்டு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்டில் சங்கிலியை இறக்கமாட்டார்கள். நானும் என் மனைவியும் முறையாகத் தோட்டத்தை நடத்தும் துரையைப் போய்ப் பார்த்தோம். வயதில் சின்னவர். எங்களை உட்காரச் சொன்னார், அதைச் சொல்லவேண்டும்.

"லயம் கம்பனியோட சொத்து. நீ கல்லுக் கட்டுனா நாளைக்கு இன்னொருத்தன் ரூம் கட்டுவான். அப்புறம் நான் என்ன சொல்றது?"

"ரூம் இல்லீங்க. மண்ணு வராம இருக்கத்தான்."

"கடிதம் குடு. மேலே அனுப்புறேன்."

கொடுத்தோம். மேலே போனது. கீழே வரவில்லை.

அந்த வருஷம் எல்லவில் ஒரு ஹோட்டலுக்குத் தோட்டவேலைச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தேன். கறுப்பு மண், சாணி எரு, பாய் மாதிரிச் சுருட்டிய புல், மூட்டை மூட்டையாக வெள்ளைக் கூழாங்கல். வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து எதிர்மலையில் தேயிலையைப் பார்ப்பதற்கு ஒரு புல்தரை. அந்தப் புல்தரை ஓரத்தில் முழங்காலுக்குக்கூட வராத ஒரு மேடு. பிள்ளை சறுக்கி விளையாடலாம், அவ்வளவுதான். அதற்குக் கருங்கல் கட்டு கட்டினார்கள், அழகுக்காக. நான்தான் ஏற்றிப் போட்டேன். போடும்போது வாயில் என்ன வந்தது என்று எழுதமாட்டேன்.

கட்டி முடிந்தபோது கல் மிஞ்சிவிட்டது. ஒரு பக்கமாக மலைபோல் கிடந்தது. வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த மாத்தையா என்னைக் கூப்பிட்டு, இது கண்ணுக்கு அசிங்கமாக இருக்கிறது, ஏற்றிக்கொண்டுபோய் எங்கேயாவது பள்ளத்தில் கொட்டிவிடு என்று சிங்களத்தில் சொன்னார்.

பார்த்தேன். ஐந்து லோடு தேறும்.

முதல் லோடை அலவாங்கு போட்டு நெம்பி நானே ஏற்றினேன். அதில் ஒரு கல், குறுக்கே வெள்ளைக் கோடு ஓடினது, தூக்க முடியாமல் பலகை சாய்த்து உருட்டி ஏற்றினேன். விரல் நசுங்கி நகம் கறுத்துப்போனது. வண்டியை எடுக்குமுன் கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருக்கும் மாரியாத்தா படத்தைத் தொட்டு, ஆத்தா, இந்தக் கல்லைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்று வேண்டிக்கொண்டேன். எங்கே சேர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன்.

துண்டு இல்லாமல் எந்தத் தைரியத்தில் போனேன் என்று கேட்டால், கேட்டில் நின்றது என் மனைவியின் பெரியப்பா மகன். எனக்கு மச்சான் முறை. கெஞ்சிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அவர் வண்டியைச் சுற்றி வந்தார்.

"என்ன மாப்ள, படங்கு போட்டு மூடிக்கிட்டு வாற? கசிப்பா?"

"அதுன்னா மொத போத்தல் ஒங்களுக்குத்தானே மச்சான். கல்லு."

படங்கைத் தூக்கிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "துண்டு?"

"இல்ல."

அவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேலே ஒப்பீஸ் பக்கம் பார்த்தார். அந்த மாதம்தான் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு வெளிமதில் கட்டிக்கொண்டிருந்தார்கள். கோயிலுக்குப் போகிற சாமானுக்குக் கேட்டில் துண்டும் கிடையாது, கேள்வியும் கிடையாது. எங்கள் தோட்டத்தில் எத்தனை துரை மாறினாலும் மாறாத வழக்கம் அது ஒன்றுதான். என் வீட்டுச் சுவருக்கு ஒரு கல்லை விடாதவர்கள் ஆத்தாவின் கல்லை நிறுத்தமாட்டார்கள். பயம்.

மச்சான் முகம் தெளிந்தது. "கோயிலுக்கா?"

நான் "ம்" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். செருப்பைக் கழற்றினார். வெள்ளைக் கோடு போட்ட அந்தக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சங்கிலியை இறக்கினார்.

வண்டிப் பாதை கோயிலோடு முடிகிறது. அங்கிருந்து லயத்துக்கு நாற்பது படி இறங்க வேண்டும். யார் என்ன கொண்டுவந்தாலும் கோயில் பக்கத்து வெறுந்தரையில் இறக்கிவிட்டுத்தான் தலையில் சுமப்பார்கள். நானும் அங்கே இறக்கினேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகக் கீழே கொண்டுபோய்விடலாம் என்று கணக்கு. வீட்டில் போய்ச் சொன்னேன்.

"ஏங்க, சாமி பேரச் சொல்லியா கொண்டாந்தீங்க?"

"நான் சொல்லல. ஒங்க அண்ணன்தான் சொன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ம்னேன்."

"அது என்ன பாஷ?"

நான் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். என் வாயால் பொய் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூசை போடாமல் ஒரு நாளும் வண்டியை எடுக்காதவன் நான். வெள்ளிக்கிழமை கவிச்சி தொடமாட்டேன். அப்படிப்பட்டவன் ஒரு "ம்"மை வைத்துக்கொண்டு சாமியிடம் வழக்குப் பேசினேன்.

இரண்டாம் நாள் இரண்டாம் லோடு. மூன்றாம் நாள் மூன்றாவது. மச்சான் கேட்கக்கூட இல்லை. வண்டி சத்தம் கேட்டதும் சங்கிலி கீழே கிடந்தது.

வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் போனோம். தீபாராதனை முடிந்ததும் கோயில் தலைவர் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். அந்தக் காலத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர், நல்ல மனுஷன், குரல்தான் பெரிது. இந்தத் தோட்டத்தில் பணம் உள்ளவனும் இருக்கிறான், மனம் உள்ளவனும் இருக்கிறான் என்று ஆரம்பித்தார். ஒருத்தரிடமும் சொல்லாமல், பேர் எழுதச் சொல்லாமல், மூன்று லோடு கருங்கல்லைக் கொண்டுவந்து ஆத்தா காலடியில் போட்டிருக்கிறான் ஒரு பிள்ளை என்றார். கேட்டில் நிற்கும் மச்சான் சொல்லித்தான் தனக்கே தெரியும் என்றார். மச்சான் முன்வரிசையில் நின்று, தானே கொடுத்த மாதிரிப் பூரித்துப்போயிருந்தார்.

என்னை முன்னால் கூப்பிட்டுப் பொன்னாடை போட்டார்கள். ஐயர் கை நிறைய விபூதி கொடுத்தார். பெண்கள் பக்கம் பார்த்தேன். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கும்பிடுகிறாள் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். ஐயா, அது என் குசினிக்கு என்று நாலு வார்த்தை. சொன்னால் துண்டில்லாமல் கல்லை விட்ட மச்சானுக்கு வேலை போகும் என்று நினைத்தேன். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. அத்தனை பேருக்கு முன்னால் சாமியிடமிருந்து கல்லைத் திருப்பிக் கேட்கிறவனாக நிற்க எனக்கு வெட்கம். பொன்னாடை தோளில் சூடாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என் மனைவியும் நானும் கல் சுமக்க வேண்டிய நாள். தோட்டமே மதில் கட்டச் சிரமதானத்துக்குத் திரண்டு வந்துவிட்டது. மேஸ்திரிக்கு நானே ஒவ்வொரு கல்லாகத் தூக்கிக் கொடுத்தேன். வெள்ளைக் கோட்டுக் கல் நாலு பேர் உருட்ட வாசல் மூலைக்குப் போனது. பகல் பன்னிரண்டு மணிக்குத் தரையில் ஒரு சல்லிகூட இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் மனம் கேட்காமல் தலைவரிடம் போனேன்.

"ஐயா, கல்லு ஏதும் மிஞ்சினா…"

அவர் முடிக்கவிடவில்லை. என் தோளைத் தட்டினார். "எங்கப்பா மிஞ்சும்? பத்தாது! நானே ஒன்னயக் கேக்கணும்னு இருந்தேன். இன்னும் ரெண்டு லோடு கெடைக்குமா?"

"பாக்குறேங்க" என்றேன்.

பார்த்தேன். எல்லவுக்குப் போனேன். மிச்சமிருந்த இரண்டு லோடையும் ஏற்றிவந்து கோயிலில் இறக்கினேன். கேட் எனக்குக் கோயில் பேரில் மட்டும்தான் திறந்தது. ஒருதரம் கொடுத்தவனாக நின்றுவிட்ட பிறகு மறுதரம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஐந்து லோடும் போனது.

"ஆத்தாவுக்கு மதிலு வந்துருச்சு" என்றாள் என் மனைவி. "நமக்கு ஆத்தா இருக்கா. சரியாப் போச்சு." அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். அவள் கண்ணில் தண்ணீர் புகையாலா என்று நான் கேட்கவில்லை.

கார்த்திகை மழை விட்டுவிட்டு ஒரு வாரம் பெய்தது. மேட்டுத் தலையில் வெடிப்பின்மேல் படங்கை விரித்துக் கல் வைத்தேன். சின்னக் கல்தான், தண்ணீர் ஓடும் கானில் கிடந்தது. நான் பண்டாரவளைக்கு மணல் ஏற்றிப் போன நாள். மலையில் நிற்க முடியாத மழை என்று பெண்களைப் பகலிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் மனைவி வந்து சோறு வைத்திருக்கிறாள். மேட்டிலிருந்து மண் பொடிப்பொடியாக உதிருகிற சத்தம் கேட்டதும் பக்கத்துக் காம்பராக்காரி கத்தியிருக்கிறாள், இவளும் வெளியே ஓடி வந்திருக்கிறாள். பிறகு அடுப்பில் சோறு இருக்கிறதே என்று திரும்பிப் போயிருக்கிறாள். பானையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கதவு தாண்டும்போது மேடு சரிந்து வந்துவிட்டது. ஆள் வெளியே, வலது கை உள்ளே. நிலைக்கட்டை கைமேல் விழுந்தது.

டெலிபோனில் ஒருத்தரும் சரியாகச் சொல்லவில்லை, வா என்று மட்டும் சொன்னார்கள். மணலோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். கேட்டில் சங்கிலி கீழே கிடந்தது. மச்சான் மழையில் தொப்பியில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

"மாப்ள, ஆள் இருக்கு" என்றார். "கைதான்."

கைதான். கொழுந்து எடுக்கிறவளுக்குக் கைதான்.

பதுளை ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தோம். கையைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பெருவிரலுக்குப் பக்கத்து இரண்டு விரலும் மடங்காது. கொழுந்து கிள்ளுவது அந்த விரல்களால்தான். பெரட்டில், வேலையாட்கள் பட்டியலில், அவள் பேர் இன்னும் இருக்கிறது. எத்தனை நாளைக்கு இருக்கும் என்று தெரியாது. அவள் பேர் இருக்கும்வரைதான் காம்பரா எங்களுக்கு. அந்தக் காம்பராவிலும் இப்போது பாதி மண்.

எங்களையும் லயத்தில் இன்னும் மூன்று குடும்பத்தையும் கோயில் மண்டபத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். மண்டபத்துக்குப் பின்னாலும் மேடு உண்டு. மதில் அதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. வந்த முதல் நாள் தலைவர் ஒரு மூட்டை அரிசியோடு வந்தார்.

"பாத்தியா? நீ குடுத்த கல்லு. இத்தன மழைக்கு ஒரு கல்லு அசையல. ஆத்தா ஒன்னயக் கைவிடலப்பா."

நான் தலையாட்டப் போனேன். என் மனைவி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அது எங்க குசினிக்கு வந்த கல்லுங்க ஐயா."

தலைவர் முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மூட்டையின்மேல் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட், மச்சான், "ம்", பொன்னாடை.

"அன்னைக்கு மிஞ்சுமான்னு கேட்ட. வீட்டுக்கு வேணும்னு கேக்கலயே. கேட்டிருந்தா நம்ம பயகளே சொமந்துவந்து போட்டிருப்பானுங்களே. ஆத்தா என்ன, புள்ள வீட்டுக்குப் போற கல்லப் புடிச்சு வைக்கிறவளா?"

அதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். என்னைத் திட்டியிருந்தால் தேவலாம்.

அதற்குப் பிறகு பலதரம் யோசித்துவிட்டேன். "ம்" என்பதற்குப் பதில் "இல்ல" என்று சொல்லியிருந்தால் சங்கிலி இறங்கியிருக்காது. கல் ஏதாவது பள்ளத்துக்குப் போயிருக்கும், மேடு அப்போதும் வந்திருக்கும். அப்படிப் பார்த்தால் என் பிழை பெரிதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை நாலு வார்த்தை சொல்லியிருந்தால்? அந்த இடத்துக்கு வந்ததும் யோசனை நின்றுவிடுகிறது. ஆத்தாமேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். தினமும் கும்பிடுகிறேன், விளக்கேற்றுகிறேன். எதையும் வேண்டிக்கொள்வதில்லை. எதைக் கேட்டாலும் எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பாளோ என்று இருக்கிறது.

என் மனைவி சாயங்காலங்களில் வாசல் மூலையில் போய் உட்காருகிறாள். வெயிலில் சூடேறிய அந்த வெள்ளைக் கோட்டுக் கல்லின்மேல் வலது கையை விரித்து வைத்துக்கொள்கிறாள். சூடு விரலுக்கு இதமாக இருக்கிறதாம். அதை வண்டியில் உருட்டி ஏற்றியபோது கறுத்துப்போன என் நகம் விழுந்து புதிது முளைத்துவிட்டது.

போன வாரம் துரை என்னை ஒப்பீசுக்குக் கூப்பிட்டார். லயத்தில் மிச்சமிருக்கும் காம்பராக்களுக்குப் பின்னால் கல் கட்டு கட்ட மேலேயிருந்து சொல்லிவிட்டார்களாம். உன் வண்டியிலேயே ஏற்றிவிடு என்றார். துண்டை அவரே எழுதி, முத்திரை குத்தி, கையில் கொடுத்தார். எத்தனை லோடு வேண்டுமானாலும். எங்கள் காம்பரா அந்தக் கணக்கில் இல்லை. அது இனி குடியிருக்க லாயக்கில்லை என்று எழுதியாகிவிட்டது.

கல் ஏற்றிக்கொண்டு வந்தேன். பெரியதை முன்னால், சின்னதை இடுக்கில், முறைப்படி. படங்கு போடவில்லை. மச்சான் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

"கோயிலுக்கா மாப்ள?"

"இல்ல மச்சான்" என்றேன். "லயத்துக்கு."

துண்டை நீட்டினேன். அவர் அதை வாங்கி, பேர், லோடு எண்ணிக்கை எல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டார். தலையில் தொப்பி இருந்தது, காலில் செருப்பு இருந்தது. கல்லைத் தொடவில்லை. போய்ச் சங்கிலியை இறக்கினார்.